என் உலாவிக்குள் வந்த பக்கம்

"அடுத்தவன் வெப்சைட்ல நீ எப்படிய்யா கை வைக்கலாம்?"

இதை என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே பொறியியல் படித்து, மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குபவர்கள். எனக்கு எரிச்சலே அதில்தான். டீக்கடையில் யாராவது கேட்டிருந்தால் பொறுமையாக விளக்கியிருப்பேன். வலைப்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவனே கேட்கும்போது, திரையில் வருவதெல்லாம் மேலிருந்து அருளப்படுவது, அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் நம் பாடு என்கிற பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று தெரிகிறது.

நான் யாருடைய தளத்திலும் கை வைக்கவில்லை. ஒரு முகவரியைத் தட்டினால் சர்வர் அனுப்புவது வெறும் எழுத்துகள். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். அவற்றைப் படித்து, என் கணினியின் நினைவகத்தில் ஒரு பக்கத்தைக் கட்டி எழுப்புவது என் உலாவி. யூசர் ஸ்கிரிப்ட் என்பது அப்படிக் கட்டிய பக்கத்தின் மேல் நான் ஓடவிடும் ஒரு சின்ன நிரல். எந்த முகவரியில் ஓட வேண்டும் என்று தலையில் ஒரு வரி இருக்கும். அதன்கீழ், இந்தப் பொத்தானைப் பெரிதாக்கு, அந்தப் பட்டையைத் தூக்கு, இந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் எழுது என்று கட்டளைகள். பக்கத்தை மூடினால் எல்லாம் போயிற்று. சர்வரில் ஒரு கமாகூட மாறாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே தளத்தைத் திறந்தால் அவருக்குப் பழைய பக்கம்தான்.

கள்ளக்குறிச்சியில் விடியற்காலையில் எழுந்து தெருவில் நின்றால் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள் போவதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பால் கேன் மாட்ட இரும்புக் கொக்கி, பின்னால் நீட்டிய கேரியர், சில வண்டிகளில் சீட்டே இருக்காது. இதில் எதையும் கம்பெனி செய்து தரவில்லை. வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. "அடுத்தவன் வண்டியில கை வைக்கிறியே" என்று பால்காரரிடம் யாரும் கேட்பதில்லை. வண்டி அவருடையது. 2004 கடைசியில் ஆரன் பூட்மன் என்பவர் ஃபயர்பாக்ஸுக்காக எழுதத் தொடங்கிய நீட்சிக்கு கிரீஸ்மங்கி என்று பெயர் வைத்தார். ஆங்கிலக் கொச்சையில் அது மெக்கானிக் கடையில் கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் பையனைக் குறிக்கிறது. அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் பெங்களூரில் உட்கார்ந்து யூடியூப் பக்கத்தைக் கறுப்பாக்கிக்கொள்ளும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காக, வெள்ளிமலைக்குப் போகலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினால் கல்வராயன் மலை. வெள்ளிமலை அதன் தாலுகா தலைமையிடம். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், யுபிஎஸ் என்று கணினி மையம் நடத்துகிறார். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளிப் பழங்குடி மக்கள் சான்றிதழ், உதவித்தொகை, விண்ணப்பம் என்று அவரிடம் வருவார்கள். மரவள்ளியும் சாமையும் போட்டிருப்பவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். ஒரு தடவை வந்து வேலை முடியாமல் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. மறுபடி வந்தால் இன்னொரு நாள் கூலி.

அவர் ஒருநாள் போனில் கூப்பிட்டார். "தம்பி, இது என்னா எழவோ தெரியல. எல்லாத்தையும் அடிச்சு முடிச்சு அனுப்புனா செஷன் முடிஞ்சு போச்சுங்குது. மறுபடி மொதல்லருந்து அடிக்கச் சொல்லுது. ஆயா காலைலருந்து ஒக்காந்திருக்குது."

தளத்தின் பெயர் வேண்டாம். இருந்த லட்சணத்தை மட்டும் சொல்கிறேன். ஐந்து பக்க விண்ணப்பம். சில நிமிடங்கள் அசையாமல் இருந்தால் வெளியே தள்ளிவிடும். மலையில் நெட் திணறும்போது அந்த நிமிடங்கள் பக்கம் திறப்பதற்கே போய்விடும். அடையாள எண்ணை ஒருமுறை அடித்துவிட்டு, உறுதிப்படுத்த மறுபடியும் கையால் அடிக்க வேண்டும். பேஸ்ட் செய்ய முடியாது. ரைட் கிளிக் கிடையாது. தமிழில் பெயர் எழுதும் கட்டத்துக்கு மேலே இருக்கும் குறிப்பும் ஆங்கிலத்தில். உச்சம், சாதிப் பட்டியல். பட்டியல் பழங்குடியினர் அட்டவணையில் இருக்கும் வாசகத்தை அப்படியே எடுத்துக் கீழிறங்கு பட்டியலில் கொட்டியிருந்தார்கள். அந்த வாசகம் 'மலையாளி' என்ற பெயரோடு அடைப்புக்குள் மாவட்டங்களை அடுக்குகிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. இதில் கள்ளக்குறிச்சி எங்கே? 1993இல் தென்னாற்காடு விழுப்புரமாகவும் கடலூராகவும் உடைந்தது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆக, தென்னாற்காடு என்று போட்டிருப்பதுதான் நம்முடையது என்று தெரிய, முப்பது வருட நிர்வாக வரலாறு தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது முடித்துவிட்டு அக்காவுக்காக விண்ணப்பம் போட வந்த பையனுக்கு அது எப்படித் தெரியும்? 'மலையாளி' என்றால் கேரளாக்காரர்தானே என்று கேட்கிற படித்தவர்களையே நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் எழுதினேன். நூறு வரிகூட வராது. அடிப்பதையெல்லாம் அவ்வப்போது அந்தக் கணினியிலேயே சேமித்து வைக்கும். செஷன் அறுந்தால் மறுபடி நுழைந்ததும் கட்டங்களில் நிரப்பிக் கொடுக்கும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும், அல்லது அரை மணி நேரம் கழிந்ததும், சேமித்ததை அழித்துவிடும். அது பொதுக் கணினி, பலர் வந்துபோகும் இடம், அழிப்பது கட்டாயம். பேஸ்டைத் தடுக்கும் நிகழ்வைத் தளத்தின் நிரலுக்குப் போகவிடாமல் முன்னாலேயே பிடித்து நிறுத்தும் நான்கு வரி. ஒவ்வொரு ஆங்கிலக் குறிப்புக்குக் கீழேயும் தமிழ். சாதிப் பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில், 'கல்வராயன் மலை மலையாளிகள் இதைத் தேர்ந்தெடுக்கவும். தென்னாற்காடு என்பது பழைய மாவட்டப் பெயர்' என்று ஒரு குறிப்பு. நிமிடம் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிவப்பு எண், அண்ணன் கேட்டதற்காக. அவ்வளவுதான். விண்ணப்பத்தில் போகும் தகவல் ஒன்றும் மாறவில்லை. சரிபார்ப்பவர் சரிபார்ப்பது அப்படியே இருக்கிறது.

இதைச் சொன்னபோதுதான் நண்பர்கள் "செக்யூரிட்டி" என்றார்கள். இந்த ஒரு சொல்லை வைத்து நம் ஊரில் எந்த முட்டாள்தனத்தையும் நியாயப்படுத்திவிடலாம். பேஸ்டைத் தடுப்பதால் என்ன பாதுகாப்பு? பிரிட்டன் அரசின் இணையப் பாதுகாப்பு மையம், கடவுச்சொல்லை ஒட்ட விடுங்கள், தடுப்பதால்தான் கெடுதி என்று 2017இலேயே எழுதியது. அதே ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் தர நிறுவனத்தின் வழிகாட்டியும் ஒட்டுவதை அனுமதிக்கச் சொல்கிறது. கடவுச்சொல்லுக்கே அப்படி என்றால் அடையாள எண்ணுக்கு என்ன? ரைட் கிளிக்கை முடக்குவது இன்னும் பெரிய வேடிக்கை. எஃப்12 தட்டினால் பக்கத்தின் மொத்த வயிறும் திறந்து கிடக்கிறது. உலாவியில் நடப்பதை எந்தத் தளமும் நம்பக் கூடாது, எதையும் சர்வரில்தான் சரிபார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. என் நூறு வரியால் ஒரு தளத்தின் பாதுகாப்பு உடையும் என்றால், அந்தத் தளத்துக்குப் பாதுகாப்பே இருந்ததில்லை. டெண்டர் ஆவணத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்வதற்காகப் போட்ட பூட்டு அது. திருடனுக்கு உறைக்காது. ஆயாவுக்குத்தான் உறைக்கும்.

தமிழ் வாசிக்கிற நாம் இதையெல்லாம் புதிதாகக் கேட்பது போலப் பாவனை செய்வதுதான் எனக்கு ஆச்சரியம். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய நாட்கள் சிலருக்காவது நினைவிருக்கும். பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்காமல் போனால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாகக் குப்பை. டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்களின் திருவிழா. அரசாங்கம் 2010இல்தான் யூனிகோடுக்கு ஆணை போட்டது. அதுவரை வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றியில் குப்பையை ஒட்டித் தமிழாக எடுத்துக்கொண்டார்கள். தெலுங்குக்காகத் தொடங்கிய பத்மா என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சி, தமிழ் உட்படப் பல மொழிப் பக்கங்களைத் திறந்த இடத்திலேயே யூனிகோடாக மாற்றிக் காட்டியது. அந்தந்தப் பத்திரிகையிடம் யார் அனுமதி கேட்டார்கள்? நம் மொழியை இணையத்தில் வாசிக்க முடிந்ததே, தளத்துக்காரர்கள் செய்யாததை வாசகன் தன் உலாவிக்குள் செய்துகொண்டதால்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றும் பதிவு செய்த பயனர் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வைத்துக்கொள்ளலாம். தளத்தை உங்களுக்கேற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்று தளமே இடம் விட்டிருக்கிறது. அங்கே ஒன்றும் இடிந்து விழவில்லை.

கோவின் கதையும் அதுதான். 2021 ஜூன் தொடக்கத்தில் தடுப்பூசித் தளத்தை இந்தியிலும் வேறு சில மொழிகளிலும் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. கூச்சல் எழுந்த பிறகுதான் சேர்ந்தது. கூச்சல் போட ஒரு மாநிலமே இருந்ததால் சேர்ந்தது. கல்வராயன் மலைக்காக ஒரு தளத்தில் ஒரு வரி மாற எவ்வளவு கூச்சல் வேண்டும்? அந்த மலையின் பெயர் நாடு முழுக்கக் கேட்டதே 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான். சாராயம் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று தேடிப் போனவர்கள்தான் மலையில் சாலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று பார்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததும் அதன் பிறகுதான்.

கோவினைச் சொன்னால் அதன் இன்னொரு முகத்தையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பின் உருப்படியான வாதம் அங்கேதான் இருக்கிறது. 2021 மே மாதத்தில் பதினெட்டு முதல் நாற்பத்துநான்கு வயதுக்காரர்களுக்கு ஸ்லாட் திறந்தபோது, நிரல் தெரிந்தவர்கள் ஸ்கிரிப்ட் போட்டுக் காத்திருந்து விநாடிகளில் பிடித்தார்கள். கிராமத்து மையங்களில் நகரத்துக்காரர்கள் ஊசி போட்டுக்கொண்டு போனார்கள். இந்த டிஜிட்டல் பிளவைப் பற்றி உச்ச நீதிமன்றமே அந்த மாதக் கடைசியில் கேள்வி கேட்டது. தட்கல் டிக்கெட்டிலும் இதே கதை. மென்பொருள் வைத்து டிக்கெட் பிடித்து விற்றவர்களை ரயில்வே பாதுகாப்புப் படை வருடா வருடம் கைது செய்கிறது. "உன் ஸ்கிரிப்டும் அதுவும் ஒண்ணுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

ஒன்றில்லை. வித்தியாசம் தெளிவாகவே இருக்கிறது. ஸ்லாட் எண்ணிக்கையில் அளவுண்டு. நான் ஒன்றை எடுத்தால் இன்னொருவருக்கு ஒன்று குறைகிறது. அங்கே என் ஸ்கிரிப்ட் வரிசையில் நிற்பவரின் காலை மிதிக்கிறது. ஆயாவின் விண்ணப்பத்தைத் தமிழில் காட்டினால் யாருடைய விண்ணப்பம் குறைந்தது? வரிசையைத் தாண்டும் ஸ்கிரிப்டைத் தடை செய்யுங்கள், சர்வரில் வேகக் கட்டுப்பாடு போடுங்கள், நானே கை தட்டுகிறேன். ஆனால் சிலர் வெட்டுக் குத்துக்குப் போகிறார்கள் என்று மலையில் எல்லோரிடமும் அரிவாளைப் பிடுங்கினால், மரவள்ளியை எதை வைத்து வெட்டுவது? இதையும் சொல்ல வேண்டும்: தடுப்பூசி நாட்களில் முதலில் தோற்றவர்கள் ஸ்கிரிப்ட் இல்லாதவர்கள் மட்டும் இல்லை, ஸ்மார்ட்போனே இல்லாதவர்கள். ஸ்கிரிப்டை ஒழித்திருந்தாலும் அவர்களுக்கு ஸ்லாட் கிடைத்திருக்காது.

இரண்டாவது வாதம், யாரோ எழுதிய நிரலை ஏன் நம்ப வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. தளங்களின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைலிஷ் என்ற பிரபலமான நீட்சி 2017இல் ஒரு தரவு நிறுவனத்தின் கைக்குப் போனது. பயனர்களின் உலாவல் வரலாறு முழுவதையும் அது அனுப்பிக்கொண்டிருந்தது அடுத்த ஆண்டு வெளியே வந்தது. கிரீஸ்மங்கியிலேயே 2005 ஜூலையில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அவசரமாக அடைக்கப்பட்டது. ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யூசர் ஸ்கிரிப்ட் என்பது திறந்து படிக்கக்கூடிய எழுத்து. வெள்ளிமலையில் ஓடும் நூறு வரியை ஒரு தாளில் அச்சடித்து மையத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், ஒவ்வொரு பத்திக்கும் தமிழ் விளக்கத்தோடு. உங்கள் போனில் கிடக்கும் முப்பது செயலிகளில் எதையாவது இப்படிச் சுவரில் ஒட்ட முடியுமா?

இங்கேதான் விஷயம் தீவிரமாகிறது. 2010இல் குரோம் யூசர் ஸ்கிரிப்டை எந்த நீட்சியும் இல்லாமல் நேரடியாக ஏற்றுக்கொண்டது. கிரீஸ்மங்கியை எழுதிய பூட்மனே அப்போது கூகுளில் குரோம் நீட்சிகளுக்காக வேலை செய்துகொண்டிருந்தார். பதினைந்து வருடத்தில் கதை தலைகீழ். 2024இலும் 2025இலும் குரோம் பழைய வகை நீட்சிகளை நிறுத்தியது. பலர் நம்பியிருந்த விளம்பரத் தடுப்பான் யூபிளாக் ஆரிஜின் அதோடு போனது. டேம்பர்மங்கி இன்னும் ஓடுகிறது, ஆனால் நீட்சியின் அமைப்புகளுக்குள் போய் ஒரு தனிச் சுவிட்சைத் தேடிப் போட வேண்டும். போடாவிட்டால் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். அண்ணன் கடையில் அதனால்தான் ஃபயர்பாக்ஸ். ஜெர்மனியில் இன்னொரு பக்கம்: ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம், உலாவிக்குள் எங்கள் பக்கத்தின் நிரலை மாற்றுவது பதிப்புரிமை மீறல் என்று விளம்பரத் தடுப்பான் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. கீழே தோற்ற அந்த வழக்கை, 2025 ஜூலை 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது. அவர்கள் ஜெயித்தால், என் கணினியின் நினைவகத்தில் கிடக்கும் ஒரு பக்கத்தில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதுகூட யாருடைய அனுமதிக்கு உட்பட்டது என்ற கேள்வி வரும். நாளைக்கு இங்கே ஒரு வக்கீல் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்.

மலையில் கணினி ஒன்றுதான். போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வரும் குரோமில் நீட்சியே போட முடியாது. ஃபயர்பாக்ஸில் முடியும்; அதிலும் 2020இல் கதவைச் சாத்தி விரல்விட்டு எண்ணக்கூடிய நீட்சிகளை மட்டும் விட்டார்கள், 2023 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். பக்கம் போய் செயலி வந்துவிட்டால் அந்தக் கதவும் கிடையாது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவைச் செயலியில்தான் போட வேண்டும், நாளுக்கு இரண்டு போட்டோ, இடக்குறிப்போடு என்று ஆக்கினார்கள். சிக்னல் ஒழுங்காக எட்டாத ஊர்களில் அந்தச் செயலி முரண்டு பிடித்தால், வலைப்பக்கம் மாதிரி அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது, பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு ஒட்ட முடியாது. தலைவிதி என்று நிற்க வேண்டியதுதான். மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு மடிக்கணினி வைத்திருக்கிற எனக்கு மிச்சமிருக்கிறது. அது அதிகம் தேவைப்படுகிறவர்களிடமிருந்துதான் முதலில் போகிறது.

கடைசியாக, எனக்கு நெருக்கமான தோழர்கள் ஒரு குற்றச்சாட்டு வைக்கிறார்கள். "நீ ஒட்டுப் போடுறதாலதான் அவன் சரி பண்ண மாட்டேங்கிறான். தளத்தை மாத்தச் சொல்லிப் போராடணும்." போராட வேண்டும்தான். அரசு வலைத்தளங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை 2009இலிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்கள், பார்வையற்றவர்கள் போட்ட வழக்கில் வந்த தீர்ப்பு அது. எல்லா விண்ணப்பப் பக்கத்துக்கும் அதை நீட்டிப் படிக்கலாம் என்பது என் எண்ணம். நாங்களும் மனு போட்டோம். மனுவோடு ஸ்கிரிப்டையும் இணைத்தோம்: இதோ, இந்த நூறு வரியில் இருப்பதை நீங்களே செய்யுங்கள், நான் என்னுடையதை அழித்துவிடுகிறேன் என்று. ஒட்டுப் போடுவது போராட்டத்தைக் கெடுக்கும் என்பவர்கள், மனுவுக்குப் பதில் வரும்வரை ஆயா எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லட்டும்.

பதில் இன்னும் வரவில்லை. நடுவில் தளத்தில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றினார்கள், ஸ்கிரிப்ட் நின்றுபோனது. நான் போவதற்குள் அண்ணனே சுவரில் இருந்த தாளைப் பார்த்து அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார். இப்போது அடுத்ததாக, ஓடிபி வரும் கட்டத்தையும் தானாக நிரப்ப முடியுமா என்று கேட்கிறார். விண்ணப்பிப்பவர் கையில் போனைப் பார்த்து, அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டிய எண் அது. அதில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். "செரி தம்பி, அப்ப அந்த எழுத்தையாவது கொஞ்சம் பெருசா காட்டு" என்றார். அது இரண்டு வரி வேலை.